வருமுன் காக்கும் படகுக்கலை



இங்கிலாந்தின் கால்வாய்களில் படகுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 4 மைல். கரையில் நடப்பவர் படகில் இருப்பவரோடு பேசிக்கொண்டே கூட வரலாம். இத்தனை மெதுவாகப் போகும் ஒன்றை ஓட்ட என்ன திறமை வேண்டும் என்று கேட்கத் தோன்றும். 15 டன்னுக்கு மேல் எடை, 50, 60 அடி நீளம், பிரேக் என்று ஒன்று கிடையாது. இதை நினைத்துப் பார்த்தால் கேள்வி மாறிவிடும்.

நாரோபோட் எனப்படும் இந்தப் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம்தான். ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டினார்கள். மேட்டில் ஏறவும் இறங்கவும் லாக் என்ற நீர்த்தொட்டிகளைக் கட்டினார்கள். மிட்லண்ட்ஸ் பகுதியில் அவற்றின் அகலம் 7 அடியளவுதான். படகின் உருவத்தை அந்தத் தொட்டிகளே தீர்மானித்தன. ரயிலும் லாரியும் வந்தபின் சரக்குப் போக்குவரத்து தேய்ந்தது. எல்.டி.சி. ரோல்ட் என்பவர் தம் படகுப் பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1944இல் வெளிவந்தது. அதன் தூண்டுதலால் 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது. அந்த உழைப்பின் பயனாகத்தான் இன்று ஆயிரக்கணக்கானோர் அங்கே படகையே வீடாக்கி வாழ்கிறார்கள்.

இந்தப் படகுக்கலையின் உயிர் முன்யோசனை என்பது என் கருத்து. ஓட்டுவதிலும் அதுதான், பராமரிப்பதிலும் அதுதான்.

முதலில் ஓட்டுவதைப் பார்ப்போம். ஓட்டுபவர் பின்புறத்தில் நின்று சுக்கான் கட்டையைப் பிடித்திருப்பார். கட்டையை இடப்பக்கம் தள்ளினால் முனை வலப்பக்கம் திரும்பும். படகு தன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு திரும்புவதால், முனை ஒரு பக்கம் போகும்போது பின்புறம் எதிர்ப்பக்கம் வீசும். புதியவர்கள் முனையையே பார்த்துக்கொண்டு பின்புறத்தைக் கரையில் இடித்துவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு எஞ்சினைப் பின்னோக்கி இயக்க வேண்டும். அப்போது சுக்கான் ஏறக்குறைய சொல் கேட்காது. ஆகவே பாலம் கண்ணில் பட்டவுடனே வேகத்தைக் குறைத்து, படகை நேராக்கிவிட வேண்டும். எதிரே படகு வந்தால் இருவரும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்குவது வழக்கம். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது எஞ்சின் மெல்ல முனகினால் போதும். வேகமாகப் போனால் தண்ணீர் இழுபட்டு, அவற்றைக் கட்டியிருக்கும் முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

லாக்கில் இன்னும் கவனம் தேவை. தொட்டியின் மேல்கதவுக்கு அடியில் ஒரு கல் திட்டு உள்நோக்கி நீண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது தெரியாது. கீழே இறங்கும்போது படகின் பின்புறம் அதன்மேல் மாட்டிக்கொண்டால், முனை மட்டும் தாழ்ந்து சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பது இதற்காகத்தான்; படகு அதைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். தண்ணீரை விடும் மதகுப் பலகையைத் திறப்பவர் படகிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. படகு சாய்வதைக் கண்டால் உடனே பலகையை மூட வேண்டும். டிவைஸஸ் நகரருகே கேன் ஹில் சரிவில் இப்படி 29 லாக்குகள் வரிசையாக இருக்கின்றன. அவை அகலமானவை, இன்னொரு படகோடு சேர்ந்து ஏறினால் தண்ணீரும் மிச்சம், உழைப்பும் பாதி.

இனி பராமரிப்பு. படகின் எஃகு உடலுக்குத் துருதான் எமன். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவித் தார்ப்பூச்சு பூச வேண்டும். எஃகுக்கு முன்னால் தாம் அரிபட்டு அதைக் காப்பாற்றும் மக்னீசியக் கட்டிகளையும் அப்போதே பாருங்கள். கரைந்து போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

புரொப்பெல்லரின் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் கிரீஸ்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அன்றைய பயணம் முடிந்ததும் கிரீஸ் திருகை ஒரு சுற்று இறுக்குவது பழைய படகோட்டிகளின் பழக்கம். புரொப்பெல்லரில் துணியோ கம்பியோ சுற்றிக்கொண்டால், எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே அதற்கு மேலுள்ள திறப்பின் வழியாகக் கையை விடுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் திறப்பின் மூடியை இறுக்கமாகப் பூட்டுங்கள். அதைச் சரியாக மூடாததால் மூழ்கிய படகுகள் உண்டு.

உறைபனிக் காலத்தில் படகை விட்டுப் போவதானால் குழாய்த் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் குழாய் வெடிக்கும். உள்ளே கரி அடுப்பு எரியும்போது, குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி அங்கே கட்டாயம்.

செலவையும் சொல்ல வேண்டும். உரிமக் கட்டணம், காப்பீடு, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் தேவை. நிரந்தரமாகக் கட்ட இடம் இல்லாதவர்கள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவற்றை நிர்வகிக்கும் அறக்கட்டளை இதைக் கண்காணிக்கிறது.

அங்கே வாழும் நம்மவர்களில் யாருக்காவது படகு வாங்கும் ஆசை இருந்தால், ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்; முடிந்தால் குளிர்காலத்தில். பிறகு வாங்கப் போகும்போது உள்ளே இருக்கும் மர வேலைப்பாட்டில் மயங்காதீர்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லி, எஃகின் தடிமனைத் தகுதியுள்ள ஆய்வாளரை வைத்து அளந்து பார்த்தபின் விலை பேசுங்கள். படகுக்குச் செய்யும் முதல் பராமரிப்பு அதுவே.