உதைத்தும் கிளம்பாத பழைய புல்லட்

(தஞ்சைப் பகுதி விவசாயிகளுக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் ஆற்றிய உரை)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நள்ளிரவில் வாய்க்கால் உடைப்பெடுத்தது என்று ஆள் வந்து சொன்னால், அந்த நேரத்தில் பஸ் இல்லை. கரையின் மேல் கார் செல்லாது. வீட்டுத் திண்ணையோரம் நிற்கும் பழைய புல்லட்டைத்தான் நாம் நாடுகிறோம். அது பத்து உதைக்கும் கிளம்பாவிட்டால், விடிவதற்குள் சம்பாப் பயிர் நீரில் அமிழ்ந்துவிடும். ஆகவே, இவ்வண்டி ஏன் கிளம்ப மறுக்கிறது என்பதை உடையவரே அறிந்திருப்பது அவசியம்.

1955-ஆம் ஆண்டில் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாருடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கினர். திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. தாய் நிறுவனம் 1970-ல் மறைந்த பின்னரும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 346 கன சென்டிமீட்டர் கொண்ட அந்த ஒற்றை சிலிண்டர் யந்திரம் பல பத்தாண்டுகள் பெரிய மாறுதலின்றி வந்தமையால், தந்தையின் வண்டியைப் பழுது பார்த்த கை மகனின் வண்டியையும் பார்க்க முடிந்தது. அவற்றுள் காண்டாக்ட் பாயின்ட் உள்ள வண்டிகளைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். கோபத்தோடு உதைப்பதால் எந்தப் பயனும் விளையாது. பிஸ்டன் மேலே ஏறும் வேளையில் அரைகுறையாக உதைத்தால் கிக்கர் எதிர்த்து அடிக்கும்; கணுக்கால் முறிந்தாலும் முறியும். இந்த வண்டிக்கு உரிய முறை வேறு. பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். கிக்கர் கடினமாகத் தடுத்து, முள்ளும் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். டிகம்ப்ரஸர் கைப்பிடியை இழுத்து, பிஸ்டன் உச்சியைக் கடக்கும் அளவுக்கு மட்டும் கிக்கரைச் சிறிது தள்ளுங்கள். பிறகு கைப்பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே நீண்ட உதை. வலிமையைவிட இந்த இடமறிதலே பெரிது. வயது முதிர்ந்த மிராசுதாரர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு ஒரே உதையில் கிளப்பியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இவ்வளவு செய்தும் கிளம்பவில்லையா? அந்த முள்ளே பாதி வைத்தியம் சொல்லிவிடும். முள் சிறிதும் அசையவில்லையெனில் பேட்டரி இறங்கியிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது பாயின்ட்டில் அழுக்குப் படிந்திருக்கலாம். ஹார்ன் ஒலிக்கிறதா என்று பார்த்தால் பேட்டரியின் நிலை விளங்கும். முள் கழித்தல் பக்கமே நின்றுவிட்டால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்ஸர் உள்ளுக்குள் பழுதாகி மின்சாரம் இடைவிடாமல் ஓடுகிறது என்று கொள்ளலாம். அந்த நிலையில் சாவியைத் திறந்தே வைத்தால் பேட்டரி இறங்குவதோடு காயிலும் வெந்துபோகும்.

நமது பகுதியில் பாயின்ட்டே பெரும்பாலும் குற்றவாளி. அடைமழையின் ஈரம் வண்டி நிற்கும் மாதங்களில் அதன் முகத்தில் மெல்லிய பூஞ்சை போலப் படிகிறது. நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பின் சுத்தமான தாளை இடையில் வைத்து இழுத்தால் போதும். திறந்த நிலையில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. சாவியையும் குழாயையும் மூடி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திருப்பி, டிகம்ப்ரஸரை இழுத்துச் சிலமுறை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பொறி வருகிறதா என்று சோதிக்கப் பிளக்கை யந்திரத்தின் உடலில் சாய்த்து உதைப்பது வழக்கம். அதைச் செய்யும்போது பெட்ரோல் குழாய் மூடியிருக்கவேண்டும். பிளக் துவாரத்திற்கு விலகியிருக்கவேண்டும். வைக்கோற்போரின் அருகில் ஒருபோதும் கூடாது. நீல நிறத்தில் சடசடவென்று தெறித்தால் பொறியில் குறையில்லை.

பெட்ரோலைப் பற்றி இக்காலத்தில் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாட்டில் அறிமுகமாகி, படிப்படியாக எங்கும் பரவிவிட்டது. கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் எத்தனாலாவது விவசாயிக்கு ஒருவகையில் நல்லதே. ஆனால் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. பழைய டாங்கின் மூடி இற்றிருந்து மழைநீரும் இறங்கினால், அளவு மிஞ்சியபோது எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனியே தங்கிவிடும். குழாய் எடுப்பதோ அடியிலிருந்துதான். ஆகவே மாதக்கணக்கில் நின்ற வண்டியானால், சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டாங்கை முழுவதும் வடித்துவிடுவதே வழி. வடித்ததை வாய்க்காலில் கொட்டலாகாது. பழைய ரப்பர் குழாய்களையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். எத்தனால் அவற்றை உப்பவும் வெடிக்கவும் செய்யக்கூடும்.

கார்புரேட்டரின் மிதவை அறையைக் கழற்றிக் கழுவி, சிறிய ஜெட்டை சைக்கிள் பம்பினால் ஊதிச் சுத்தம் செய்யலாம். இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் பித்தளைத் துவாரம் பெருத்து, பிறகு வண்டி என்றும் சரியாக ஓடாது. அறுவடைக் காலத்தில் களத்துத் தூசி காற்று வடிகட்டியை அடைக்கும், தட்டிப் போடுங்கள்.

கிக்கர் தடையின்றி விழுமானால், டிகம்ப்ரஸர் கேபிள் இறுகி வால்வு திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள். டாப்பெட் இறுகினாலும் இப்படியே ஆகும். யந்திரம் குளிர்ந்திருக்கையில், அமுக்கத்தின் உச்சியில், தள்ளுகோல் மேலும் கீழும் ஆடாமல் விரலால் சுழலவேண்டும்.

இறுதியாக, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. தண்ணீர் வடிந்ததும் கிளப்பிப் பார்க்கும் ஆசையைக் கட்டாயம் அடக்கவேண்டும். நீர் காற்றைப்போல் அமுங்காது; சிலிண்டரில் நீர் நிற்கையில் உதைத்தால் இணைப்புத்தண்டு வளையக்கூடும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். டாங்க், கார்புரேட்டர் இரண்டையும் வடியுங்கள். எண்ணெய் மோர் நிறத்தில் வந்தால் மாற்றி, சற்று நேரம் ஓட்டி, மீண்டும் மாற்றுங்கள். நிறம் தெளியும்வரை இப்படிச் செய்யவேண்டும்.