வளவைத் துப்புரவாக்கும் முன் ஒரு படம்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில், படமெடுக்கும் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டுத்திட்டம், உலர் உணவு, வாழ்வாதாரக் கடன் பற்றியெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது படத்தைப் பற்றி. கையில் வீடில்லாத நேரத்தில் இவன் ஏன் கமராவைப் பற்றிக் கதைக்கிறான் என்று சிலர் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

காணி விடுபட்டது என்ற செய்தி வந்ததும் எங்கள் சனம் என்ன செய்கிறது? அடுத்த நாள் விடியவே கத்தி, கோடரி, மண்வெட்டியோடு போய் நிற்கிறது. அதில் பிழை சொல்ல ஏலாது. 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்களில் மயிலிட்டிக்காரர் பலர் தங்கள் துறைமுகத்தைத் திரும்பக் கண்டது 2017 யூலையில். 27 வருடம் முகாமிலும் வாடகை வீட்டிலும் காத்திருந்தவருக்கு ஒரு நாள் பொறு என்று சொல்வது கடினம். ஆனாலும் அந்த ஒரு நாளைத்தான் நான் கேட்கிறேன். பற்றையை வெட்டுவதற்கு முன், புல்டோசரைக் கூப்பிடுவதற்கு முன், இருக்கிறபடியே படம் எடுத்துவிடுங்கள்.

காரணம் இதுதான். பற்றைக்குள் உங்கள் எல்லை இன்னும் நிற்கிறது. அன்று வேலிக்கு நட்ட கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள் இன்று மரமாகிவிட்டன. காட்டுக்குள் மரங்கள் ஒரே வரிசையில் நின்றால் அது பெரும்பாலும் பழைய வேலிதான். வீடு தரைமட்டமாகியிருக்கலாம். ஆனால் கிணற்றுக்கட்டு, அத்திவாரத்தின் ஒரு மூலை, தண்ணீர் ஓடிய சீமெந்து வாய்க்கால், கேற்றுத் தூணின் அடி, பனை வரிசை, இவற்றில் ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். புல்டோசர் ஒரு காலையில் இவ்வளவையும் வழித்துவிடும். பிறகு எல்லை நாலு பேரின் ஞாபகத்தில்தான் இருக்கும். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். பக்கத்துக் காணிக்காரர் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால் சண்டை தொலைபேசியில் நடக்கும்.

எப்படி எடுப்பது? நல்ல கமரா தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். முதலில் தெருவில் நின்று வளவின் முகப்பை எடுங்கள். பிறகு ஒவ்வொரு மூலையிலும் நின்று உள்பக்கம் பார்த்து ஒன்று. எல்லைக்கல், கிணறு, பழைய மரம் ஒவ்வொன்றையும் தள்ளி நின்று ஒரு தடவை, கிட்ட நின்று ஒரு தடவை. தள்ளி நின்று எடுக்கும்போது கோயில் கோபுரமோ தேவாலயமோ பள்ளிக்கூடச் சுவரோ பின்னால் தெரிந்தால் நல்லது. கிட்ட எடுத்த கல்லு எந்தக் கல்லு என்று பிறகு யாரும் கேட்கமுடியாது. இடம் தெரிந்த பெரியவரைக் கூட்டிப்போங்கள். அவர் கையை நீட்டிக் காட்டுவதும் படத்தில் வரட்டும். அயல் காணிக்காரரையும் கூப்பிட்டு இருவரும் எல்லையில் ஒன்றாக நின்று எடுத்த படம் என்றால் அதைவிடச் சிறப்பு. பங்குக் கிணறு என்றால் பங்காளிகள் எல்லோரும் நிற்கட்டும். அன்றிரவே திகதி, இடம், நிற்பவர் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

இதற்கெல்லாம் முந்திய ஒரு விஷயம்: மிதிவெடி. துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட நிலத்துக்குள் மட்டும் போங்கள். மண்டையோட்டுப் பலகைக்கும் சிவப்பு அடையாளத்துக்கும் அந்தப் பக்கம் உங்கள் கிணறே தெரிந்தாலும் கால் வைக்கவேண்டாம். அறியாத இரும்புப் பொருள் ஒன்றைக் கண்டால் படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். வந்த தடத்தாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். போன் வைத்திருக்கும் பெடியளுக்கு இதை இரண்டு தடவை சொல்லவேண்டும். படைமுகாம், காவலரண் பக்கமும் கமராவைத் திருப்பவேண்டாம்.

படம் உறுதி ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறுதி தொலைந்தவர்கள் மனம் விடவேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், ஆண்டு தெரிந்தால் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உங்கள் காணியில் வேறொருவர் பல வருடமாக இருந்தால் தாமதிக்கவேண்டாம். 10 வருட ஆட்சி என்று உரிமை கோரும் சட்டம் எங்கள் நாட்டில் உண்டு. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. அதற்கும் காலவரையறை உண்டு. உங்கள் விடயத்தில் எது பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். அங்கே போகும்போது படங்களையும் கொண்டுபோங்கள்.

புதுப் படத்தைப் போலவே பழைய படமும் உதவும். ஆல்பம் எல்லாம் 1995 ஒக்ரோபர் 30 இடம்பெயர்வோடு போய்விட்டது என்பீர்கள். உங்கள் ஆல்பம் போயிருக்கலாம், ஆனால் பிரதி எங்கோ இருக்கும். கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு எதற்கும் படம் எடுத்து வெளிநாட்டு உறவுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். சாமத்தியத் தண்ணீர்வார்வைப் படத்தில் பிள்ளையைத்தான் பார்ப்போம்; பின்னால் கிணற்றுக்கட்டு நிற்கும். செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றி நிற்கும் குடும்பத்துக்குப் பின்னால் வீட்டு முகப்பு, வேலி, அயலவர் முகம் எல்லாம் இருக்கும். துக்கப் படம் என்று ஒதுக்கவேண்டாம். மாமியிடமோ சித்தப்பாவிடமோ கேட்டு, போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பப்பட்டு இப்போது புத்தளத்திலிருந்து திரும்பும் முஸ்லிம் சகோதரருக்கும், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

படமே இல்லாதவர்கள் வரையலாம். யாழ். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களைக்கொண்டு அவரவர் விட்டுவந்த வீட்டின் தள அமைப்பை ஞாபகத்திலிருந்து வரையச்செய்து, 2011இல் அவற்றை ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலாக்கினார். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடுதான் தோம்பு. அரசாங்கத் தோம்பில் அடுப்படி எந்தப் பக்கம், வேம்பு எந்த மூலை என்று இராது. உங்கள் ஆச்சியின் தலைக்குள் இருக்கிறது. ஒரு பென்சிலும் தாளும் கொடுத்துப் பாருங்கள்.

இனி, மற்றவர் உங்களைப் படம் எடுப்பது. அரிசி மூட்டை வாங்கும்போது நீட்டிய கையோடு நிற்கவைத்து எடுத்த படங்கள் எங்கள் எல்லோரிடமும் உண்டு. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவையின் 10ஆவது கோட்பாடு, பாதிக்கப்பட்டவரை மானமுள்ள மனிதராகக் காட்டவேண்டும், கையாலாகாதவராகக் காட்டக்கூடாது என்கிறது. ஆகவே எவர் கமராவோடு வந்தாலும், எங்கள் ஆட்களே வந்தாலும், கேளுங்கள்: எதற்கு இந்தப் படம்? எங்கே போடுவீர்கள்? எனக்கு ஒரு பிரதி தருவீர்களா? விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காக நிவாரணத்தில் ஒரு பருப்பும் குறையக்கூடாது. குறைத்தால் எங்களிடம் முறையிடுங்கள்.

படம் யாருக்கு வேலை செய்யவேண்டும் என்பதற்கு ருவண்டாவைச் சொல்வேன். 1994 படுகொலைக்குப் பின் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெற்றோரைத் தவறவிட்டு அகதி முகாம்களில் நின்றார்கள். பெயர் சொல்லத் தெரியாத குழந்தைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் இலக்கத்தோடு படமெடுத்து, முகாம்களில் பலகைகளில் ஒட்டினார்கள். தாய்மார் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போய், தங்கள் பிள்ளையின் முகத்தில் விரலை வைத்தார்கள்.

எங்கள் தாய்மாரின் கையிலும் படம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் அடையாள அட்டைப் படமோ, பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகமோ. அதைத் தூக்கிக்கொண்டு எத்தனை வாசலில் நின்றிருப்பீர்கள். அம்மாமாரே, ஒன்று மட்டும்: மூலப்படத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுவோ அலுவலகமோ நிறுவனமோ யார் கேட்டாலும் பிரதியைக் கொடுங்கள், கொடுத்த திகதியையும் வாங்கியவர் பெயரையும் எழுதிவையுங்கள். மழையிலும் வெய்யிலிலும் பிடித்துப் படம் மங்குகிறது. மங்கும் முன் பிரதி எடுத்துவிடவேண்டும்.

பிரதியை ஒரே போனில் வைத்திருக்கவேண்டாம். போன் கிணற்றுக்குள் விழும், கடலுக்குள் போகும். தூரத்து உறவொருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஆனால் உறுதி, அடையாள அட்டைப் படங்களை முகநூலில் போடாதீர்கள்.

இந்த வேலைக்கு எங்களிடம் ஆள் போதாது. ஓ.எல்., ஏ.எல். எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள் கிழமையில் ஒரு நாள் தந்தால், தனித்திருக்கும் முதியவர்களின் வளவுகளை எடுத்து முடிக்கலாம். படிக்க அதிகம் இல்லை. கேட்டுவிட்டு எடுப்பது, பெயர் எழுதுவது, எடுத்ததை உரியவரிடம் சேர்ப்பது, அவ்வளவுதான்.

கூட்டம் முடிய, வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருப்போம். பழைய படம் கொண்டுவந்தவர்கள் வரலாம். உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே பிரதி எடுத்துவிட்டு, படத்தைத் திருப்பி உங்கள் கையில் தருவோம்.