படைப்பணியும் உளச்சான்றும்



நாடு காத்தல் குடிமக்கள் கடன். ஆயின், கொல்லேன் என உறுதிபூண்டவன் கையிலும் அரசு படைக்கலத்தைத் திணிக்கலாமோ?

மேலைச் செருமனி இவ்வினாவிற்கு முற்படவே விடை கண்டது. உளச்சான்றுக்கு மாறாக எவரையும் படைக்கலமேந்திப் போர்ப்பணி ஆற்ற வற்புறுத்தலாகாது என 1949இல் தன் அடிப்படைச் சட்டத்திலேயே பொறித்தது. கட்டாயப் படைப்பணி வந்ததோ 1956இல். உரிமை முந்திற்று, கடமை பிந்திற்று.

தென்கொரியாவின் நிலை வேறு. வடகொரியாவோடு நிகழ்ந்த போர் 1953இல் போர்நிறுத்தத்தோடு நின்றதேயன்றி, அமைதி உடன்படிக்கை இன்றளவும் இல்லை. ஆகலின், அந்நாட்டார் அச்சம் பொய்யன்று. ஆயினும், படைப்பணி மறுத்த இளைஞர் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் 18 திங்கள், சிறைப்பட்டனர். கொலைஞன் கிடக்கும் இடத்திலேயே கொல்ல மறுத்தவனும் கிடந்தான்!

மாற்றுப்பணிக்கு வழிவகுக்காத சட்டம் அரசமைப்பிற்கு ஒவ்வாது என 2018இல் அந்நாட்டு அரசமைப்பு முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் மாற்றுப்பணி தொடங்கிற்று. எங்கே? சிறைக்கூடங்களிலேயே! எத்துணைக் காலம்? 36 திங்கள், தரைப்படையினர்க்கோ 18 திங்களே. குற்றவாளி என்னும் பெயர் நீங்கிற்று. ஒறுப்பின் நிழல் நீங்கிற்றில்லை.

படைக்கலம் ஏந்துவானும் மாற்றுப்பணி ஆற்றுவானும் ஒருநிகர்க் குடிமக்களே. எல்லையைப் படை காக்கும். எல்லைக்குள் வாழ்வானின் உரிமையை அறமே காக்கும். அவ்வறத்தை இழந்தபின் காத்தற்கு எஞ்சுவது வெறும் மண்ணே!