கம்பு பிறந்த மண்ணுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, விழா மலருக்காக எழுதிக் கொடுக்கப்பட்டது)



பரிசளிப்பு விழாவில் பேசக் கூப்பிட்டால் கல்வியின் பெருமையைப் பத்து நிமிடம் சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவதுதான் வழக்கம். தலைமையாசிரியர் என்னை அப்படி விடுவதாக இல்லை. நம் பள்ளிச் சிலம்பக் குழுவில் ஆறாம் ஆண்டு முடிக்கும் நான்கு பிள்ளைகள், நீண்ட விடுமுறையில் ஐந்து வாரம் மதுரைப் பக்கம் போய் ஆசானிடம் கம்பு பழகப் போகிறார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண். துணைக்கு இரண்டு பெற்றோர். "ஐயா, நீங்க அந்தக் காலத்திலேயே போயிட்டு வந்தவர். அதைப் பத்திப் பேசுங்க" என்றார். சரி, பேசுகிறேன்.

போன வாரம் பள்ளி வாசலில் ஒரு தாய் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏங்கையா, தேக்குவாண்டோ படிச்சா பெல்ட்டு, சர்டிபிகேட்டுன்னு ஏதாவது கிடைக்கும். கம்பு சுத்தி என்ன கிடைக்கும்? அதுக்கு இவ்வளவு வெள்ளி செலவு பண்ணி ஊருக்கு வேற போகணுமா?" நியாயமான கேள்வி. அவர் கோபித்துக்கொண்டு கேட்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் கேட்டார். இந்த உரை முழுவதும் அந்த அம்மாவுக்குச் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்குவாண்டோ நம் நாட்டுக்கு எப்படி வந்தது தெரியுமா? அந்தக் கலைக்கு 1955இல் பெயர் சூட்டியவர்களில் முதன்மையானவர் கொரிய ராணுவத் தளபதி சோய் ஹொங் ஹி. அவரே 1962 முதல் 1964 வரை மலாயாவில், பிறகு மலேசியாவில், தென்கொரியத் தூதராக இருந்தார். தூதரே ஆசானாக வந்த கலை அது. அதற்குச் சீருடையும் சட்டதிட்டமும் சான்றிதழும் கூடவே வந்ததில் வியப்பில்லை. நம் சிலம்பத்துக்குத் தூதர் யாரும் வரவில்லை. தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், கப்பலின் மேல்தளத்தில் துணி மூட்டையோடு படுத்து வந்தவர்கள், அவர்கள் கையோடும் காலோடும் வந்தது. பால்வெட்டு முடிந்து, சாயங்காலம் லயத்துக்குப் பின்னால், கோயில் திடலில் பழகிக் கொடுத்தார்கள். எழுதி வைத்தவர் யார்? பெல்ட்டு கொடுத்தவர் யார்? ஆகவே ஒன்றில் சான்றிதழ் இருக்கிறது, ஒன்றில் இல்லை என்பது உண்மைதான். அதனால் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று ஆகிவிடாது.

கலை பிறந்த இடத்துக்குப் போய்ப் படிப்பது நம்மவர்கள் கண்டுபிடித்த வழக்கமும் அல்ல. கராத்தே ஜப்பானியக் கலை என்கிறோம். அதற்கு முன்னே அது ஒக்கினாவாத் தீவின் கலை. அந்தத் தீவின் உயெச்சி கான்புன் என்ற இளைஞர் 1897இல் கப்பலேறி, சீனாவின் ஃபூச்சோ நகரத்துக்குப் போனார். அது ஃபூஜியன் மாநிலம். நம் பினாங்கு ஹொக்கியன்காரர்களின் முன்னோர் புறப்பட்டு வந்த அதே மாநிலம். அவர் திரும்பி வந்தது 1910இல். பதின்மூன்று வருடம்! வந்தவுடன் பலகை மாட்டிப் பள்ளி திறந்தாரா என்றால் அதுவும் இல்லை. பல ஆண்டுகள் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே இருந்துவிட்டார். இன்று உயெச்சி முறை என்று உலகம் முழுக்கப் பழகுவது அவர் கொண்டுவந்ததைத்தான். மியாகி சோஜூன் என்பவரும் அப்படித்தான். 1915இல் தம் ஆசான் இறந்த பிறகு, ஆசானுக்கு ஆசான் யார் என்று தேடி அதே ஃபூச்சோவுக்குப் போனார்.

இந்த இடத்தில் சிலர் எழுந்து, "ஐயா, சீனாவுக்கே கற்றுக் கொடுத்தவர் நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் ஆயிற்றே" என்பீர்கள். 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இதைச் சொல்லாத மேடையே இல்லை. போதிதர்மர் தென்னிந்தியர் என்று பழைய சீன நூல்கள் சொல்வது உண்மை. பாரசீகத்தார் என்று சொல்லும் சீன நூலும் உண்டு. ஆனால் சாவ்லின் மடத்துக் குத்துவித்தையை அவரோடு முடிச்சுப் போடும் நூல் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் பிந்தியது. ஆகவே அந்தப் பெருமையை அளவோடு வைத்துக்கொள்வோம். நமக்கு உறுதியான பெருமை வேறு இருக்கிறது, அதில் துக்கமும் கலந்திருக்கிறது. அதற்கும் நம் பினாங்குக்கும் தொடர்பு உண்டு. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. இளம் வயதில் சிவகங்கைச் சீமையில் இருந்தபோது, சின்ன மருது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தார். வளரி என்றால் வளைந்த எறிதடி. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கு போன்றது. கடல் கடந்து வந்து, ஒரு கலையை அதன் சொந்த மண்ணிலேயே, அதன் தலைசிறந்த ஆளிடமே கற்றவர் வெல்ஷ். இதை அவரே 1830இல் லண்டனில் அச்சான தம் நினைவு நூலில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

பிறகு நடந்தது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். 1801 அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அவர்களை எதிர்த்துப் போரிட்ட கும்பினிப் படையில் வெல்ஷும் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னைக் கவர்னர், மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிவிப்புப் போட்டார். 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். எங்கே? 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவு' என்று உத்தரவில் இருந்தது. இந்தத் தீவுதான் அது. நாம் உட்கார்ந்திருக்கிற இதே பினாங்கு. துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து அளவில். 1818இல் வெல்ஷ் இங்கே வந்தபோது துரைசாமி அவரைப் பார்க்க வந்தார். முப்பது சொச்சம் வயதுதான், ஆனால் தளர்ந்துபோன கிழவராகத்தான் வெல்ஷின் கண்ணுக்குத் தெரிந்தார். தகப்பனிடம் வித்தை கற்ற மாணவனும், தகப்பனின் சொந்த மகனும் நேருக்கு நேர் நின்ற இடம் இந்த ஊர்.

எஸ்பிளனேடில் பந்து விளையாடப் போகும் பிள்ளைகளே, அடுத்த முறை கடலைப் பார்க்கும்போது இதையும் நினைத்துப் பாருங்கள்.

வளரிக்கு என்ன ஆயிற்று? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த வளரிகள் இருக்கின்றன. தந்தத்தால் செய்தவைகூட உண்டு. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வீசிக் காட்டுபவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிறந்த மண்ணிலே இருப்பதனால் மட்டும் ஒரு கலை பிழைத்துவிடாது. கம்பு பிழைத்ததற்குக் காரணம் சாதாரணமானது: மாடு மேய்ப்பவன் கையிலும் காவல்காரன் கையிலும் கம்பு இல்லாமல் இருக்க முடியாது. அதை எந்தக் கவர்னராலும் முழுசாகப் பிடுங்க முடியவில்லை.

என் பயணத்துக்கு வருகிறேன். நான் போனது 1978இல், 'சிதம்பரம்' கப்பலில். 'ரஜூலா' அதற்கு முன்னாலேயே ஓய்ந்துவிட்டது. 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாரத் தலைசுற்றல் இல்லை. 2024 டிசம்பரில் பினாங்குக்கும் சென்னைக்கும் நேரடி விமானமே தொடங்கினார்கள். காலையில் பசியாறிவிட்டு ஏறினால் மத்தியானச் சோறு அங்கே.

எனக்கு அப்போது இருபத்தோரு வயது. தோட்டத்திலே ஒரு பெரியவரிடம் ஆறு வருடம் பழகியிருந்தேன். பாதி வித்தை அவரிடம் கற்றது, மீதிப் பாதி எம்.ஜி.ஆரின் 'பெரிய இடத்துப் பெண்' பார்த்துக் கற்றது! கம்பைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றுவேன். மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்து ஆசான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். கொத்தனார் வேலை செய்பவர். பார்த்து முடித்துவிட்டு, "கம்பைச் சாத்தி வைங்க தம்பி. காலைக் காட்டுங்க" என்றார்.

அதன் பிறகு இருபத்திரண்டு நாள் என் கைக்குக் கம்பு வரவில்லை. காலடி, காலடி, காலடி. விடியுமுன்னே ஒரு மணி நேரம், அவர் வேலை விட்டு வந்த பிறகு ஒரு மணி நேரம். மண்ணில் விளக்குமாற்றால் கோடு கிழிப்பார். வெறுங்காலோடு அந்தக் கோட்டில் நடக்க வேண்டும். முன்னங்கால் திரும்பும்போது பின்னங்கால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் எல்லாம். கை எப்படி வேண்டுமானாலும் ஏமாற்றலாம், கால் ஏமாற்றாது என்பார். இருபத்து மூன்றாம் நாள் வெற்றிலை பாக்கு, தேங்காய் வைத்துக் கும்பிட்டேன். கம்பைக் கொடுத்தார். நட்டு வைத்தால் என் புருவத்தளவு உயரம், கல்மூங்கில். வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி வைத்தது. நம் ஊர் ரோத்தான் கம்பு வளைந்து கொடுக்கும், அடியை வாங்கிக்கொள்ளும். மூங்கில் அப்படி இல்லை. அடித்தால் அதிர்ச்சி முழங்கை வரை ஏறும். அந்த ஒரு வித்தியாசமே என் வீச்சை மாற்றிவிட்டது. இதை இங்கிருந்து எத்தனை படம் பார்த்தாலும் தெரிந்துகொள்ள முடியாது. அம்மா, ஊருக்கு ஏன் போகணும் என்று கேட்டீர்களே, பதிலில் பாதி இது.

மீதிப் பாதியைச் சொல்ல எனக்கே கொஞ்சம் நெஞ்சு அடைக்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னே ஆசான், "உங்க தோட்டத்து ஆசான் சொல்லிக் குடுத்ததுல கடைசி வரிசை ஒண்ணு இருக்குமே, அதை ஆடிக் காட்டுங்க" என்றார். தயங்கித் தயங்கி ஆடினேன். பின்னால் வாங்கி, மண்டியிட்டு, கம்பை முதுகுப்புறமாகக் கொண்டுவந்து வாரும் ஒரு வரிசை. முடித்துத் திரும்பினால், மனிதர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இது எங்க தாத்தா ஆடுனது. எனக்கு அஞ்சு வயசுல பார்த்தது. எங்க அப்பாருக்கு முழுசா வரல. இங்க இது போயிருச்சு தம்பி. இன்னொரு தடவை ஆடுங்க." அன்று இரவு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பதினோரு தடவை ஆடினேன். அவரும் கூடவே ஆடினார்.

தோட்டத்து ஆசானை நம் இளைஞர்கள் சிலர் அன்றும் கேலி செய்வார்கள், இன்றும் செய்கிறார்கள். "அவருக்கு என்னங்க தெரியும், ஊருக்குப் போய்ப் படிச்சவரா?" என்று. தமிழ்நாட்டில் ஆறு வாரம் இருந்து, ஒரு சான்றிதழும் ஒரு போட்டோவும் வாங்கி வந்து, தனக்கு முதலில் கம்பு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரை மேடையில் ஏற்றாதவர்களையும் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் பிடிக்காத சங்கதி. விழா நாளில் இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒன்றிரண்டு. பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். நான் போன கிராமத்தில் 1978இல் பெண் பிள்ளைகள் களத்துப் பக்கம் வந்ததில்லை. இன்று தமிழ்நாட்டுப் போட்டிகளில் அவர்களுக்குத் தனிப் பிரிவுகளே உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. ஆகவே சான்றிதழும் இனி கிடைக்கும், கவலைப்படாதீர்கள். அடிபடுமா என்றால், படும். கணுக்காலிலும் விரல் முட்டியிலும் படும். போட்டியில் தொட்டால் புள்ளி என்ற முறைதான், மண்டையை உடைக்கும் பழைய சண்டை அல்ல.

இனிப் போகும் நால்வருக்கும். அங்கே ஆசான் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். சண்டை போடுவது போலப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்காதீர்கள், பாட்டிமார்கள் பயப்படுவார்கள். ஒரு ரோத்தான் கம்பு எடுத்துப் போங்கள். விமானத்தில் கையில் விடமாட்டார்கள், சாமான்களோடு கட்டிப் போடுங்கள். அங்குள்ள ஆசான்கள் அதைக் கையில் வாங்கி வளைத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. எனக்கு அந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்தவர் இப்போது இல்லை. அவருடைய கடைசி மாணவர் ஒருவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், எண்பத்தோரு வயது. அந்த மண்டியிடும் வரிசை இன்னும் இரண்டு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. முழங்கால் வலியால் உட்கார்ந்தபடிதான் சொல்லிக் கொடுப்பார். நேற்றுப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். "பிள்ளைங்களை அனுப்பு" என்றார். பயணத்துக்கு இன்னும் ஏழு சனிக்கிழமை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெர்ரித் துறையில் நிற்பேன். வெறுங்காலில் ஆட வேண்டும், அதனால் சப்பாத்து வேண்டாம், சிலிப்பர் போதும். ஒரு கணக்குப் புத்தகம் கொண்டு வாருங்கள், கட்டம் போட்டது. காலடியை அதில் வரைந்துகொள்ளலாம்.