மலையடிவாரத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள்



கொல்கத்தாவின் கிழக்கே, பைபாஸ் சாலையைத் தாண்டினால் தாப்பா. நூறாண்டுக்கும் மேலாக மாநகரின் குப்பை அங்கேதான் போய்ச் சேர்கிறது. இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 டன்! அந்தப் பழைய குப்பை மண்ணில் விளைந்த காலிபிளவரும் கீரையும் இந்த நகரத்துச் சந்தைக்கு வருகின்றன. பக்கத்துச் சதுப்புநிலக் குளங்களில் வளர்ந்த மீனும் வருகிறது. நகரத்தின் கழிவுநீரை வெயிலும் பாசியும் தெளியவைத்து மீனுக்கு உணவாக்கும் அந்த அதிசயத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். 2002-இல் அந்தச் சதுப்புநிலத்தின் 12,500 ஹெக்டேருக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது.

அதற்குப் பக்கத்தில்தான் குப்பை மலை நிற்கிறது.

காய்கறித் தோலும் பழைய பேட்டரியும் உடைந்த டியூப்லைட்டும் ஒரே லாரியில் ஏறுகின்றன. காற்றுப் புகாமல் அழுகும் குப்பை மீத்தேனைக் கக்குகிறது. ஒரு பொறி போதும், நாள்கணக்கில் புகையும். மழை இறங்கினால் கறுப்புச் சாறு மண்ணுக்குள் ஊறும். நீரைக் குடித்துக் கனத்த குவியல் சரியவும் செய்யும்.

சரியுமா என்று கேட்பவர்கள் கொழும்பைப் பார்க்கட்டும். அங்கே மீதொட்டமுல்லவில் குடியிருந்தவர்கள் பக்கத்திலிருந்த குப்பை மேட்டை அகற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். வீடுகள்மேல் மேடு சரிந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் சொன்னதை முன்பே கேட்டிருந்தால்?

கொழும்பு தூரம் என்றால், ஹூக்ளி ஆற்றைக் கடந்தால் ஹவுரா. 2025 மார்ச்சில் பெல்காச்சியா குப்பைக்கிடங்கை ஒட்டி நிலம் உள்வாங்கியது. வீடுகள் விரிசல் விட்டன, குடிநீர்க் குழாய் உடைந்தது, ஊரே குடத்தோடு அலைந்தது.

கழிவு மேலாண்மையில் குறை வைத்ததற்காக மேற்கு வங்க அரசுக்கு 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தொகை 3,500 கோடி ரூபாய். தாப்பாவில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலையும் நடக்கிறது, நல்ல வேலை. ஆனால் ஒருபுறம் பிரிக்கப் பிரிக்க, மறுபுறம் கலந்த குப்பை வந்து விழுந்தால் மேடு எப்படிக் குறையும்? வீட்டிலேயே பிரிக்கச் சொல்லும் விதி 2016-இலேயே வந்துவிட்டது.

ஆகவே மாநகராட்சியிடம் கேட்கிறோம்: ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் மேட்டின் சரிவைச் சோதியுங்கள். நிலத்தடி நீரின் சோதனை முடிவை அந்தப் பகுதி மக்கள் படிக்கும் மொழியில் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களுக்குக் கையுறையும் காலணியும் அடையாள அட்டையும் கொடுங்கள். மலையடிவாரத்துக் குடும்பங்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, எந்தத் தேதிக்குள் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.