20,000 வேலைகளும் நம் பிள்ளைகளும்

ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. முதல் 5 ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 வேலைகள் என்பது இலக்கு. செய்தியாக வாசித்தால் அரை நிமிடம்தான்! ஆனால், அவை ‘திறன்மிக்க’ வேலைகள் என்ற சொல்லைக் கவனித்தீர்களா?

விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்து நெரிசலில் நிற்கிறார்களே நம் பிள்ளைகள், சிங்கப்பூர் வெள்ளிக்காக, அவர்கள் கையில் சான்றிதழ் இல்லையென்றால் தொழிற்சாலை இந்தப் பக்கமே வந்தாலும் அதே வரிசைதான். கூலாய், செடெனாக்கில் எழுந்துள்ள தரவு மையங்களை இரவு பகலாகக் குளிரூட்ட வேண்டும். மின்னியலும் குளிர்சாதனப் பராமரிப்பும் படித்தவர்கள் அங்கே தேவை. எஸ்பிஎம் முடித்த மகனை, மகளை, “எங்கேயாவது வேலைக்குப் போ” என்று அனுப்புமுன், தொழிற்பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டீர்களா?