கிளாரினெட்டும் அதன் ரீடும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்களில் சில பிள்ளைகள் கிளாரினெட் பயில்கின்றனர். மேலை நாட்டுக் கருவியாயினும், நம் கச்சேரி மேடையில் அதற்குப் பெருமை தேடித் தந்தவர் திருச்சி ஏ. கே. சி. நடராஜன். சென்னை மியூசிக் அகாடமி 2008-ஆம் ஆண்டில் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது.

“பிள்ளைக்கு நாதம் பேசவில்லை” என்று பெற்றோர் ஆறு மாதத்தில் கருவியைப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். பெரும்பாலும் குறை பிள்ளையிடம் இல்லை; கருவியிலோ ரீடிலோ இருக்கிறது.

நல்ல கிளாரினெட் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனது. உள்ளே மூச்சின் ஈரம், வெளியே நம் ஊர்க் கோடையின் வறட்சி. இவ்விரண்டிற்கும் இடையே மரம் வெடிக்கும். ஆகவே தொடங்குவோர்க்கு எபோனைட் அல்லது பிளாஸ்டிக் கருவியே போதும். பழைய கருவி வாங்குவோர் மேற்பகுதியின் துளைகளையும் அடிமுனையையும் விரல்களால் மூடி, மேல்முனையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சிப் பார்க்கவேண்டும். உறிஞ்சிய பிடி நில்லாவிடில் சாவிகளின் அடியிலுள்ள மெத்தைகள் கெட்டிருக்கும். மினுமினுப்பைக் கண்டு மயங்கலாகாது.

இனி ரீடு. நாதசுரச் சீவாளி இரட்டை நாக்கு. இது ஒற்றை நாக்கு. விறைப்பின் அளவை எண்ணால் குறிப்பர். புதியவர்க்கு 2 அல்லது 2½ பொருந்தும். விறைப்பு மிகுந்த ரீடில் காற்றிரைச்சலே மிகும். விறைப்பு குறைந்ததில் நாதம் சன்னமாகிச் சுருதி இறங்கும். பிள்ளை கன்னம் நோக ஊதினால் முதலில் எண்ணைப் பாருங்கள். வாங்கியதை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் நடுவிலுள்ள நிழல் இருபுறமும் ஒத்திருக்கவேண்டும்.

ஊதுமுன் ரீடை வாயில் நனைக்கவேண்டும். ஊதியபின் கழற்றித் துடைத்து, தட்டையான உறையில் வைக்கவேண்டும். ஊதுவாயிலேயே விட்டுவைத்தால் நுனி நெளியும், பூஞ்சையும் பிடிக்கும். நாதசுர வித்வான் மாற்றுச் சீவாளிகளைக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பதைத் திருமலைக்குப் போகும் நாம் பார்க்காமலா இருக்கிறோம்? அவ்வாறே மூன்று நான்கு ரீடுகளை நாள்தோறும் மாற்றி மாற்றி ஊதினால் யாவும் நெடுநாள் உழைக்கும். கருவியின் உட்புறத்தைத் துணியிட்டு இழுத்து ஈரம் போக்குக. ஊதுவாயை வெந்நீரில் கழுவற்க, உருக்குலையும்.

ஒரு பெட்டியில் வழக்கமாகப் பத்து ரீடுகள் வரும். ஒரே எண் வேண்டும் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். விரும்புவோர் விழா முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம்.